இருபத்தெட்டு நாளா, பதினான்கு நாளா? திட்ட மேலாண்மைக் குறிப்புகளை ஒழுங்குபடுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்குத் தமிழ்நாட்டில் குடிநீர்க் குழாய் பதித்தல், நீரேற்று நிலையம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி முதலான வேலைகளை டெண்டர் எடுத்துச் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் இது நடந்தது. நிறுவனத்தையும் அங்கே பணியாற்றியவர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். தலைமை அலுவலகத்தில் ஒரு சிறிய பிளானிங் பிரிவு இருந்தது. சைட்டுகள் வெவ்வேறு மாவட்டங்களில் பரவிக் கிடந்தன. பம்புகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளை எழுத ஒரு தனிக் குழுவும் இருந்தது.

வேலைகள் மூன்று வகை ஒப்பந்தங்களின்கீழ் நடந்துகொண்டிருந்தன. மத்திய அரசு அமைப்புகளுக்குச் செய்தவை மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளைத் தழுவியவை. பன்னாட்டு வங்கிக் கடனில் நடந்தவை, ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட நிபந்தனைகளின்படி. தொழிற்பேட்டைகளில் செய்த தனியார் வேலைகளுக்கு நாலைந்து பக்க உடன்படிக்கை மட்டுமே. ஒரு பொறியாளர் இந்த ஆண்டு ஒரு வகை ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பார், அடுத்த ஆண்டு இன்னொரு வகைக்கு மாற்றப்படுவார். பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் இதுதான் என்பது என் கருத்து.

திட்ட மேலாண்மை பற்றிய குறிப்புகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பொதுக் கணினியில் பெரிய கோப்புறை ஒன்று பல ஆண்டுகளாக வளர்ந்திருந்தது. அமெரிக்கத் திட்ட மேலாண்மை அமைப்பான பி.எம்.ஐ. வெளியிடும் பிம்பாக் வழிகாட்டியை வைத்து நடந்த பயிற்சி வகுப்புகளின் குறிப்புகள், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் கொண்டுவந்த, பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 மேலாண்மை முறையின் ஸ்லைடுகள், பிரைமவேரா மென்பொருளில் அட்டவணை போடும் முறை, பார் சார்ட் மாதிரிகள், ஈட்டிய மதிப்புக் கணக்கிடும் எக்செல் தாள்கள், பழைய கடிதங்கள், மென்பொருள் குழு பின்பற்றிய ஸ்க்ரம் முறை (சிறு சுற்றுகளாக வேலை செய்யும் முறை) பற்றிய குறிப்புகள் என எல்லாம் அதில் இருந்தன. நூலக அறிவியல் படித்துவிட்டுக் கட்டுமான நிறுவனங்களின் ஆவணப் பிரிவுகளில் பணியாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கோப்புறையைச் சீர்படுத்தித் தர வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள்.

பிரச்சினை வெளிப்பட்ட விதம்

அழைப்பு வந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு கடிதம். மத்திய அரசு அமைப்புக்கான குழாய் வேலை ஒன்றில், பாதையில் நின்ற மின்கம்பங்களை மாற்றித் தருவதில் தாமதம் ஏற்பட்டது. குழாய் பதிக்கும் ஆட்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வேறிடத்தில் வேலை பார்த்தார்கள். சைட்டில் இருந்த இளம் பொறியாளர் தடைப் பதிவேட்டில் (சைட்டில் எல்லோரும் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்தர் என்றே சொல்வார்கள்) தேதியைச் சரியாகக் குறித்திருந்தார். கால நீட்டிப்புக் கோரும் கடிதத்தை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று பொதுக் கோப்புறையில் தேடினார். "தாமத அறிவிப்பு: 28 நாள்" என்ற குறிப்புக் கிடைத்தது. அந்தக் கெடுவுக்குள் கடிதத்தையும் கொடுத்தார்.

குறிப்பில் தவறு எதுவும் இல்லை. ஃபிடிக்கின் 1999-ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 20.1-ஆம் பிரிவு, தாமதத்துக்குக் காரணமான நிகழ்வு தெரியவந்ததிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. தவறினால் கால நீட்டிப்புக் கிடையாது. ஆனால் அந்த சைட் ஃபிடிக் சைட் அல்ல. மத்தியப் பொதுப்பணித் துறை நிபந்தனைகளின் 5-ஆம் பிரிவு, நிகழ்வு நடந்து 14 நாளுக்குள் உரிய படிவத்தில் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்கிறது. கடிதம் போனபோது அந்தக் கெடு கடந்திருந்தது. பேச்சுவார்த்தை நீண்டது. கேட்ட நாட்களில் ஒரு பகுதிதான் கிடைத்தது. மீதி நாட்கள் நிறுவனத்தின் கணக்கில் தாமதமாக ஏறின.

அந்தப் பொறியாளர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தார். பதிவேடு எழுதினார், தேடினார், கிடைத்த விதியைப் பின்பற்றினார். அந்த விதி எந்த ஒப்பந்தத்துக்கு உரியது என்று குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. நிறுவனத்தின் தலைமை இதைப் புரிந்துகொண்டு, விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாமல் கோப்புறையைத் திருத்த முடிவு செய்தது. இந்த ஆய்வை எழுத எனக்குத் துணிவு தந்ததும் அந்த முடிவுதான்.

உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தவை

கோப்புகளைத் தொடுவதற்கு முன், அவற்றைத் தேடுகிறவர்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிளானிங் பிரிவிலிருந்து ஒரு மூத்த பொறியாளரும் சைட்டிலிருந்து ஓர் இளம் பொறியாளரும் என்னோடு சேர்க்கப்பட்டார்கள். மூவரும் சில சைட்டுகளுக்குப் போய், அங்கே எழும் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி வந்தோம்.

"சார், மழையில் நின்ற நாளைத் தடையாக எழுதலாமா?" "சார், குழாய் இறக்கியாயிற்று, டெஸ்ட் ஆகவில்லை, எத்தனை சதவீதம் என்று போடுவது?" "சப்-கான்ட்ராக்டர் ஆள் குறைத்துவிட்டார், அட்டவணையை மாற்ற யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்?" கேள்விகள் எல்லாமே இந்த மாதிரிதான். "இடர் மேலாண்மை என்றால் என்ன?" என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் கோப்புறையில் இருந்தவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகைக் கேள்விக்குத்தான் விடை சொன்னது.

வேறு மூன்று விஷயங்களும் தெரியவந்தன. ஒரே பொருளுக்குப் பல படிகள் இருந்தன, எது கடைசிப் படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இறுதி, இறுதி புதியது, இறுதி திருத்தியது என்று பெயரிட்ட கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அடுத்து, கட்டாயமான விதியும் நல்ல ஆலோசனையும் ஒரே தொனியில் எழுதப்பட்டிருந்தன. "வாரம் ஒரு முறை இடர்ப் பட்டியலைப் பார்க்கவும்" என்பது ஆலோசனை. "14 நாளுக்குள் கடிதம் தரவும்" என்பதை மீறினால் பணம் போகும். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியாக, சைட் ஆட்கள் கோப்புறையை நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்கள். சந்தேகம் வந்தால் மூத்த பொறியாளருக்குத் தொலைபேசி. அவர் விடுப்பில் போனால் விடையும் விடுப்பில் போனது.

முந்தைய ஒழுங்கு ஏன் நிற்கவில்லை

இந்தக் கோப்புறையை ஏற்கெனவே ஒரு முறை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். பிம்பாக் வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு 2017-இல் வந்தது. அது திட்ட மேலாண்மையை 5 செயல்முறைக் குழுக்கள், 10 அறிவுப் பகுதிகள், 49 செயல்முறைகள் என்று பகுத்துக் காட்டியது. வரம்பு, காலம், செலவு, தரம், இடர், கொள்முதல் என்று பத்துப் பகுதிகளுக்கும் ஒவ்வொரு கோப்புறை திறந்தார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவு. பயிற்சி பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பகுப்பு அது.

2021-இல் ஏழாம் பதிப்பு வந்தது. அறிவுப் பகுதிகளும் செயல்முறைகளும் நூலின் அடித்தளமாக இருந்த நிலை போய், 12 கொள்கைகளும் 8 செயல்திறன் களங்களும் அந்த இடத்துக்கு வந்தன. புதிதாகப் பயிற்சி பெற்று வந்தவர்கள் புதிய பெயர்களில் கோப்புறை திறந்தார்கள். பழையவர்கள் பழையதிலேயே சேமித்தார்கள். இரண்டு மரங்கள் ஒரே நிலத்தில் வளர்ந்தன.

நூல் மாறியதைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் எல்லா முறைநூல்களும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. பிரின்ஸ்2 1996-இல் வந்தது, 2023-இல் ஏழாம் பதிப்பு. ஐ.எஸ்.ஓ. 21500 2012-இல் திட்ட மேலாண்மைக்கான வழிகாட்டியாக வந்தது. அந்த இடத்தை 2020-இல் ஐ.எஸ்.ஓ. 21502 எடுத்துக்கொண்டது. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு, அன்றாடக் கூட்டத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை விட்டுவிட்டது. மென்பொருள் குழுவின் குறிப்போ அந்த மூன்று கேள்விகளை இன்னும் விதியாகவே வைத்திருந்தது. ஒரு நூலின் பொருளடக்கத்தைக் கோப்புறையின் அமைப்பாக எடுத்துக்கொண்டால், பதிப்பாளர் பொருளடக்கத்தை மாற்றும்போதெல்லாம் நம் அலமாரியையும் கலைத்து அடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மின்கம்பம் மாற்றுவதில் ஏற்படும் தாமதம் காலத்தைச் சேர்ந்ததா, இடரைச் சேர்ந்ததா, கொள்முதலைச் சேர்ந்ததா? மூன்றையும் சேர்ந்தது. ஒரே இடத்தில்தான் வைக்க முடியும் என்ற அமைப்பில் அது எங்கே இருந்தாலும் இரண்டு பேருக்குக் கிடைக்காது.

எடுத்த முடிவுகள்

பிளானிங் பிரிவின் தலைவர் முதலில் விரும்பியது வேறு. எல்லா முறைகளையும் ஒப்பிட்டு, நிறுவனத்துக்கென்று ஒரே கையேடாக எழுத வேண்டும் என்றார். அந்த ஆசை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அவசரத்தில் இருக்கும் பொறியாளர் முந்நூறு பக்கக் கையேட்டைத் திறக்க மாட்டார் என்பதை சைட்டுகளில் பார்த்திருந்தோம். எழுதிவந்த கேள்விகளை அவர் முன் வைத்தோம். அதன் பிறகு அவரே மனம் மாறினார்.

பகுக்கும் வழிக்கு நான் சீர்காழி ரங்கநாதனிடம் போனேன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற கணித ஆசிரியர் அவர். 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு, ஒரு பொருளுக்கு ஒரே இடத்தைத் தேடுவதில்லை. அதன் முகங்களை, அதாவது அதைப் பார்க்கும் கோணங்களை, தனித்தனியே பிரித்துக் குறித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது. நூலகங்களில் பரவலாக வழங்கும் டூயி எண் பகுப்பு திட்ட மேலாண்மைக்கு 658.404 என்ற எண்ணைத் தருகிறது. நூலக அலமாரிக்கு அது போதும். ஓர் அலுவலகத்தில் இருப்பதெல்லாமே திட்ட மேலாண்மைதான் என்னும்போது ஓர் எண்ணால் பயனில்லை. கணினியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை அடையாளமும் இடலாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் உருவான சிந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு முகங்களை வைத்தோம். எந்த ஒப்பந்த வகை, வேலையின் எந்தக் கட்டம், எந்த வகை வேலை என்பவை முதல் மூன்று. நான்காவது, பக்கத்தின் தன்மை: விதி, விளக்கம், படிவம், கணக்கு மாதிரி ஆகிய நான்கில் ஒன்று. விதிப் பக்கத்தில் விளக்கத்தைக் கலக்கக் கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். அட்டவணை போடும் முறைகளான முக்கியப் பாதை முறை (கிரிட்டிக்கல் பாத்) 1957-இல் டூபான்ட் நிறுவனத்தில் எப்படிப் பிறந்தது, பெர்ட் முறை 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் எப்படி உருவானது என்பதெல்லாம் படிக்கச் சுவையானவை, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயனுள்ளவை. அவற்றை விளக்கப் பக்கத்துக்கு அனுப்பினோம். அட்டவணை பிந்தும்போது எவ்வளவு மிதவை (முடிவுத் தேதியைப் பாதிக்காமல் தாமதிக்கக்கூடிய நாட்கள்) மீதம் இருக்கிறது என்று தேடுகிறவரின் வழியில் அவை நிற்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாங்கள் உருவாக்கியது ஒப்பந்த அட்டை. நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு தாள். தாமத அறிவிப்புக்கு எத்தனை நாள், எந்தப் பிரிவு, யாருக்கு எழுத வேண்டும், எந்தப் படிவம், விரிவான கோரிக்கைக்கு எத்தனை நாள், அட்டவணை மாற்றத்துக்கு யார் ஒப்புதல் ஆகியவை அதில் இருக்கும். ஃபிடிக்கிலேயே பதிப்புக்குப் பதிப்பு நாட்கள் மாறுகின்றன. விரிவான கோரிக்கைக்கு 1999 பதிப்பு 42 நாள் தருகிறது, 2017 பதிப்பு 84 நாள் தருகிறது. அதற்கு மேல், ஒவ்வொரு ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைகளும் பொது நிபந்தனைகளைத் திருத்தலாம். ஆகவே பொதுக் குறிப்புகளில் நாட்களின் எண்ணிக்கையை எழுதவே கூடாது என்று முடிவு செய்தோம். "உங்கள் ஒப்பந்த அட்டையைப் பார்க்கவும்" என்று மட்டுமே எழுத வேண்டும். எண் இருக்கும் இடம் அட்டை ஒன்றுதான்.

பதிப்புரிமையும் பேசப்பட்டது. பிம்பாக், பிரின்ஸ்2, ஃபிடிக் நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து கோப்புறையில் போட்டிருந்தார்கள். அவற்றை நீக்கினோம். தேவையானதை எங்கள் சொற்களில் எழுதி, அலுவலகம் விலைக்கு வாங்கிய படியின் பிரிவு எண்ணைக் குறித்தோம். ஸ்க்ரம் வழிகாட்டி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் அதைப் பெயர் குறிப்பிட்டு எடுத்தாள முடிந்தது. கட்டுமானத் திட்ட மேலாண்மைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15883, அதன் முதல் பகுதி 2009-இல் வந்தது. பிளானிங் பிரிவில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமாக இருந்தது. எங்கள் சைட்டுகளின் நிலைமைக்கு மிக அருகில் இருக்கும் வழிகாட்டி அது.

மேற்பார்வையாளர்கள் பார்க்க வேண்டிய பக்கங்களைத் தமிழில் எழுதினோம். பில், சைட், பார் சார்ட், எம்-புக் (அளவுப் புத்தகம்) முதலானவற்றை அவர்கள் சொல்கிறபடியே விட்டோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் யார், எந்தப் பதிப்பை வைத்து எழுதியது, கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன என்ற மூன்று வரிகள் கட்டாயம்.

ஒரு பக்கம் உருவான கதை

மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட பக்கம் வேலை முன்னேற்றத்தை அளப்பது பற்றியது. ஈட்டிய மதிப்பு முறையின் சூத்திரங்கள் கோப்புறையில் ஏராளமாக இருந்தன. செய்த வேலையின் மதிப்பைச் செலவால் வகுத்தால் செலவுத் திறன் குறியீடு. மொத்த மதிப்பீட்டை அந்தக் குறியீட்டால் வகுத்தால், இதே போக்கில் போனால் கடைசியில் ஆகும் செலவு. எக்செல் தாள் இதைத் தானாகவே கணக்கிட்டுத் தந்தது. ஆனால் அந்தத் தாளில் இட வேண்டிய முதல் எண்ணான, எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பதை எப்படி அளப்பது என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

நாங்கள் எழுதிய கணக்கு மாதிரி இதுதான். 12 கிலோமீட்டர் குழாய், மதிப்பீடு 6 கோடி ரூபாய், ஆக கிலோமீட்டருக்கு 50 லட்சம். 6 கிலோமீட்டர் குழாய் இறக்கி இணைத்தாயிற்று. நீரழுத்தச் சோதனை ஒரு மீட்டருக்கும் ஆகவில்லை, வெட்டிய சாலையைப் பழையபடி போடவும் இல்லை. இதுவரை செலவு இரண்டரைக் கோடி. சைட்டில் வழக்கமாக 50 சதவீதம் முடிந்தது என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஈட்டிய மதிப்பு 3 கோடி, குறியீடு 1.2, கடைசிச் செலவு 5 கோடி. ஒரு கோடி மிச்சமாகும் வேலைபோலத் தோன்றும்.

இப்போது எடை போட்டுப் பார்க்கலாம். தோண்டி, இறக்கி, இணைப்பதற்கு 70 சதவீதம், சோதனைக்கு 15, சாலை சீரமைப்புக்கு 15 என்று வைத்துக்கொண்டால், 6 கிலோமீட்டரும் 4.2 கிலோமீட்டருக்குச் சமம். ஈட்டிய மதிப்பு 2 கோடியே 10 லட்சம். குறியீடு 0.84. கடைசிச் செலவு ஏறக்குறைய 7 கோடியே 14 லட்சம். சைட் அதே, செலவும் அதே. ஒரு கணக்கு லாபம் என்கிறது, இன்னொன்று ஒரு கோடிக்கு மேல் நஷ்டம் என்கிறது. நிதிப் பிரிவில் இருந்தவர் இந்தப் பக்கத்தை முதல் தடவை பார்த்துவிட்டு, நடந்துகொண்டிருந்த எல்லா வேலைகளின் மாத அறிக்கையையும் திரும்பக் கேட்டு வாங்கினார்.

எடைகள் எல்லா வேலைக்கும் ஒன்றாக இருக்க முடியாது. வயல்வெளியில் போகும் குழாய்க்குச் சாலை சீரமைப்பே கிடையாது. நகரத்துக்குள் அதுதான் பெரிய செலவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டும் அனுமதியை மாநகராட்சிகள் நிறுத்திவைப்பதால், சீரமைப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு. எனவே அந்தந்த வேலையின் எடைகளையும் ஒப்பந்த அட்டையின் பின்பக்கத்தில், வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று விதி செய்தோம். வேலை பாதியில் இருக்கும்போது எடையை நிர்ணயித்தால், வேண்டிய சதவீதம் வருகிற எடைதான் வரும்.

நடைமுறைக்கு வந்த பிறகு

ஒப்பந்த அட்டை உடனே பிடித்துக்கொண்டது. சைட் அலுவலகங்களில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த பருவமழையில் வேறொரு சைட்டில் தடை ஏற்பட்டபோது, அட்டையில் இருந்த கெடுவுக்குள் படிவம் போய்ச் சேர்ந்தது. தடைப் பதிவேட்டின் நகலும் கூடவே போனது. அந்த நீட்டிப்பில் தகராறு எழவில்லை.

தேடல் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்துவந்தோம். ஆரம்பத்தில் பலருக்கும் விடை கிடைக்காமல் போனதற்குக் காரணம், நாங்கள் வைத்த தலைப்புகளில் அவர்கள் தேடவில்லை என்பதே. "கால நீட்டிப்பு" என்ற பக்கத்தை இ.ஓ.டி. என்றும் எக்ஸ்டென்ஷன் என்றும் தேடினார்கள். அந்தச் சொற்களையும் பக்கத்தில் சேர்த்ததும் அது கிடைக்கத் தொடங்கியது.

நான் எதிர்பார்க்காத ஒரு பயன் மூத்த பொறியாளரிடமிருந்து வந்தது. தொடக்கத்தில் அவருக்கு இந்த வேலையில் ஆர்வம் குறைவு. தன்னிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதை எதற்கு எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தார். தொலைபேசியில் கேள்வி வந்தால், விடை சொன்ன பிறகு அதை ஒரு பக்கமாக எழுதச் சொல்லி, கேட்ட இளையவரிடமே ஒப்படைக்கலாமே என்று யோசனை சொன்னோம். "தம்பி, இப்போது சொன்னதை எழுதி அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன்" என்பது அவருடைய வழக்கமாயிற்று. நல்ல பக்கங்கள் பலவும் அப்படித்தான் பிறந்தன. சோதனைக்குத் தண்ணீர் கிடைக்காத கோடையில் குழாயை எத்தனை பகுதியாகப் பிரித்துச் சோதிப்பது, அதை அட்டவணையில் எப்படிக் காட்டுவது என்று அவர் திருத்தித் தந்த பக்கம் எந்த முறைநூலிலும் கிடைக்காதது.

சரிவராதவை

மென்பொருள் குழு இந்த அமைப்புக்குள் வரவில்லை. அவர்களுக்கு ஒப்பந்த வகை, வேலையின் கட்டம் என்ற முகங்கள் பொருந்தவில்லை. இரண்டு வாரச் சுற்றில் வேலை செய்கிறவர்களிடம் "ஆரம்பம், செயலாக்கம், ஒப்படைப்பு" என்று கட்டம் கேட்டால் அவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றையும் குறித்தார்கள். மூன்றையும் குறித்தால் ஒன்றையும் குறிக்காததற்குச் சமம். அவர்களுடைய பக்கங்கள் ஓராண்டுக்குள் பழசாகிவிட்டன.

சரிபார்த்த தேதி என்ற வரியும் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. நினைவூட்டல் வந்ததும் சிலர் பக்கத்தைப் படிக்காமலேயே தேதியை மட்டும் மாற்றினார்கள். புதிய தேதியோடு நிற்கும் பழைய குறிப்பு, தேதியே இல்லாத குறிப்பைவிட ஆபத்தானது. பொறுப்பாளராகக் குறித்திருந்த இருவர் வேலை மாறிப் போனபோது அவர்களுடைய பக்கங்கள் அநாதையாக நின்றதையும் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

தனியார் வேலைகளின் அட்டைகள் பாதி காலியாகவே இருந்தன. உடன்படிக்கையிலேயே அறிவிப்புக் கெடு, அட்டவணை ஒப்புதல் எதுவும் எழுதப்படாதபோது அட்டையில் எழுத என்ன இருக்கிறது? இந்தக் குறையை வெளிக்கொண்டுவந்ததையே ஒரு பயனாகச் சொல்லலாம். தனியார் வேலைக்கான அடுத்த உடன்படிக்கையில் அந்த இரண்டு பிரிவுகளையும் சேர்க்கும்படி சட்ட ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

செய்யப்பட்ட மாற்றங்களும் இனி செய்ய வேண்டியவையும்

பொறுப்பாளர் வரியில் ஆளின் பெயருக்குப் பதிலாகப் பதவியைக் குறிக்கும்படி மாற்றப்பட்டது. பதவிக்கு வருகிறவர் பொறுப்பேற்கும் நாளன்று தன் பக்கங்களின் பட்டியலில் கையெழுத்திடுகிறார். சரிபார்த்தலில் தேதியோடு "என்ன மாறியது" என்ற ஒரு வரியும் கட்டாயமாக்கப்பட்டது. எதுவும் மாறாவிட்டால், எந்த மூலத்தின் எந்தப் பிரிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று எழுத வேண்டும். படிக்காமல் தேதி மாற்றுவது இதனால் பெருமளவு குறைந்தது.

மென்பொருள் குழுவுக்குத் தனி முகங்கள் வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேகரிப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்க வேண்டும். கட்டுமானப் பிரிவின் முகங்களை அவர்கள்மீது போடுவதிலிருந்து தொடங்கக் கூடாது. இரண்டு பிரிவுக்கும் பொதுவான பக்கங்கள் மிகச் சில. ஸ்காடா ஒப்படைப்புத் தேதியும் நீரேற்று நிலையத்தின் மின் இணைப்புத் தேதியும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் காட்டும் பக்கம் அவற்றில் முக்கியமானது. முதலில் எழுத வேண்டியது அதுதான்.

இதே வேலையை வேறோர் அலுவலகத்தில் தொடங்குபவருக்கு வரிசையை மாற்றச் சொல்வேன். இங்கே முதலில் முகங்களை வகுத்து, பழைய கோப்புகளைப் பிரித்து, அதன் பிறகே ஒப்பந்த அட்டைக்கு வந்தோம். அட்டைகளை முதலில் எழுதியிருந்தால் சைட்டுகளுக்குப் பல மாதங்கள் முன்பே பயன் கிடைத்திருக்கும். எந்தப் பொதுப் பக்கங்கள் தேவை என்பதையும் அட்டையின் காலி இடங்களே காட்டிக்கொடுத்திருக்கும். பழைய கோப்புகளில் பெரும்பகுதியைப் பிரிக்காமல் அப்படியே காப்பகத்தில் போட்டிருக்கலாம். அவற்றை அதன் பிறகு எவரும் கேட்கவில்லை.

இப்போது அந்த நிறுவனத்தில் டெண்டர் கைக்கு வந்ததும், ஒப்பந்தத்தைப் படித்து அட்டையை நிரப்புவது பிளானிங் பிரிவின் முதல் வேலை. இருபக்கமும் நிரப்பிக் கையெழுத்தான அட்டை இல்லாமல் எந்த சைட்டுக்கும் பொறியாளரை அனுப்புவதில்லை.